தொட்டில் மாதிரி ஆடிய படகு: ஒரு சிறு விசைப்படகின் நிலைப்புத்தன்மை பற்றிய நிகழ்வு ஆய்வு

வலையைத் தூக்கிய கயிற்றை அறுத்ததும் படகு நிமிர்ந்திருக்க வேண்டும். நிமிரவில்லை. வலப்பக்கம் படுத்திருந்த படகு மெதுவாக எழுந்தது, நடுவில் நிற்காமல் அப்படியே போய் இடப்பக்கம் படுத்துக்கொண்டது. நாலு பேரும் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு அசையாமல் கிடந்தார்கள். ஒருவர் மட்டும் வாளியால் தளத்துத் தண்ணீரை அள்ளிக் கொட்டிக்கொண்டே இருந்தார். கொஞ்ச நேரத்தில் படகு தானாக நிமிர்ந்தது. யாருக்கும் அடி இல்லை.

உரிமையாளர் இதை என்னிடம் சொன்னபோது, வலை கனமாக இருந்ததையும் அலை பெரிதாக வந்ததையும் விரிவாகச் சொன்னார். இடப்பக்கம் போய்ப் படுத்ததைப் போகிற போக்கில்தான் சொன்னார். நான் அவரை நிறுத்தி அந்த இடத்தை மட்டும் இரண்டு முறை சொல்லச் சொன்னேன். சுமையால் சாய்ந்த படகு, சுமை போனதும் நேராகும். சுமை போன பிறகும் மறுபக்கம் போய்ப் படுக்கிற படகுக்கு நேராக நிற்கிற சக்தியே அப்போது இல்லை என்று பொருள். இரண்டுக்கும் வைத்தியம் வேறு. முதல் வகைச் சாய்வுக்கு எதிர்ப்பக்கம் ஆள் போய் நிற்கலாம். இரண்டாவது வகையில் மேடான பக்கத்துக்கு ஆட்கள் ஓடினால் படகு முன்னைவிட வேகமாக மறுபக்கம் விழும், கவிழவும் கவிழும். அன்றைக்கு அவர்கள் பயத்தில் அசையாமல் கிடந்ததும், ஒருவர் தண்ணீரை அள்ளியதும்தான் படகைக் காப்பாற்றியது.

படகு

ஃபைபர் படகு. மொத்த நீளம் 9 மீட்டருக்குச் சற்றுக் குறைவு, நீர்க்கோட்டில் 8 மீட்டர். தளத்தின் மட்டத்தில் அகலம் 2.1 மீட்டர், நீர்க்கோட்டில் 1.9 மீட்டர். உள்ளே டீசல் எஞ்சின். கிரேனில் தூக்கி எடை பார்த்தபோது வெறும் படகு 1,850 கிலோ. டீசல், தண்ணீர், ஐஸ், வலை, ஆட்கள் எல்லாம் சேர்த்து 1,050 கிலோ. ஆக, தொழிலுக்குப் புறப்படும்போது 2,900 கிலோ. நடுப்பகுதியில் நீர்மட்டத்துக்கு மேல் பக்கச்சுவர் அரை மீட்டர் நிற்கும்.

படகு கட்டியபோது இப்படி இல்லை. முதலில் கூரை கிடையாது. பிறகு வெயிலுக்கென்று இரும்புக்குழாயும் பிளைவுட்டும் வைத்துக் கூரை போட்டார்கள். கூரை வந்ததும் அது பரண் ஆனது. மாற்று வலை 180 கிலோ மேலே ஏறியது. நனையக்கூடாது என்று பேட்டரிகள் கூரைக்குக் கீழே ஒரு பெட்டிக்குள் உயரத்தில் போயின. 200 லிட்டர் தண்ணீர் டிரம் மரத்தட்டு ஒன்றின் மேல் ஏறியது. வலையைத் தூக்க ஒரு கை, அதன் நுனியில் கப்பி, அடிக்கட்டையிலிருந்து 2.4 மீட்டர் உயரத்தில். ஒவ்வொன்றும் தனித்தனியாகப் பார்த்தால் நியாயமான மாற்றம். எந்த மாற்றத்தின்போதும் படகு கவிழப் பார்க்கவில்லை. இதுதான் இந்தத் தொழிலில் எனக்கு மிகவும் பயம் தருகிற விஷயம்: நிலைப்புத்தன்மை கரைவது கண்ணுக்குத் தெரியாது, அதோடு அது கரையக் கரையப் படகு இன்னும் இதமாகத்தான் ஆடும்.

உரிமையாளரே சொன்னார்: "கூரை போட்டதுக்கு அப்புறம் படகு நல்லா அமைஞ்சுபோச்சு தம்பி. முன்னாடி வெடுக்கு வெடுக்குன்னு ஆடும், தூங்க முடியாது. இப்போ தொட்டில் மாதிரி." அவர் பெருமையாகச் சொன்ன அந்தத் தொட்டில்தான் நோயின் முதல் அறிகுறி.

ஏன் அப்படி

படகின் மொத்த எடையும் கூடி நிற்கிற புள்ளி ஒன்று உண்டு. எடை மையம் என்போம். படகு சாயும்போது தண்ணீர் அதை மேலே தள்ளும் விசை சாய்ந்த பக்கமாக நகரும். அந்த விசையின் கோட்டை மேல்நோக்கி நீட்டினால் படகின் நடுக்கோட்டை ஓரிடத்தில் வெட்டும். அந்த இடத்துக்கு மெட்டாசென்டர் என்று பெயர். பிரெஞ்சு அறிஞர் பியர் பூகே 1746-இல் வகுத்துக் கொடுத்த கருத்து இது, இன்றுவரை அதை வைத்துத்தான் கணக்குப் போடுகிறோம். எடை மையம் மெட்டாசென்டருக்கு எவ்வளவு கீழே இருக்கிறதோ அந்தத் தூரம்தான் ஜி.எம். அது பெரிதாக இருந்தால் படகு வெடுக்கென்று நிமிரும். சிறிதாக இருந்தால் சோம்பலாக நிமிரும். பூஜ்யத்துக்குக் கீழே போனால் நேராக நிற்காது, ஏதாவது ஒரு பக்கம் படுத்துக்கொள்ளும்.

ஆகவே ஆட்டத்தின் நேரத்தை வைத்தே ஜி.எம்.மைக் கணிக்கலாம். தளத்தின் அகலத்தை 0.8-ஆல் பெருக்கி, ஒரு முழு ஆட்டத்துக்கு ஆகும் வினாடியால் வகுத்து, வருவதை வர்க்கமாக்கினால் ஜி.எம். மீட்டரில் கிடைக்கும். அந்த 0.8 என்பது பொதுவான மீன்பிடிப் படகுகளுக்கு உரிய எண். உயிர்மீன் தொட்டி உள்ள படகுக்கு 0.6 என்று எடுப்பார்கள். மனக்கணக்காகச் சொல்வதானால், ஆட்ட நேரம் வினாடியில் படகின் அகல மீட்டரைவிடக் குறைவாக இருந்தால் தொடக்க நிலைப்பு பெரும்பாலும் போதும். நம் படகுக்கு அந்த எல்லை 2.1 வினாடி.

அளந்து பார்த்தது

காற்றில்லாத காலை. அடியில் நல்ல ஆழம் உள்ள இடம். கட்டுக்கயிறுகளைத் தளர்த்திவிட்டு, எஞ்சின் அறையின் அடியில் கிடந்த தண்ணீரைச் சொட்டு விடாமல் இறைத்தோம். உள்ளே தண்ணீர் கிடக்கும்போது எடுக்கிற அளவு படகின் அளவே இல்லை. வலை, ஐஸ், டிரம் எல்லாம் கடலுக்குப் போகும் நாளில் இருக்கிற இடத்திலேயே இருந்தன. ஒரு பையன் பக்கச்சட்டத்தை அழுத்தி அழுத்தி ஆட்டிவிட்டு விலகினான். வலம் போய், இடம் போய், மறுபடி வலம் வந்தால் ஓர் ஆட்டம். பத்து ஆட்டத்துக்கு 29 வினாடி. மூன்று முறை எடுத்தோம், அரை வினாடிகூட மாறவில்லை.

ஓர் ஆட்டத்துக்கு 2.9 வினாடி. ஜி.எம். 0.34 மீட்டர்.

0.8 என்பது உத்தேசமான எண் என்பதால் இன்னொரு வழியிலும் சரிபார்த்தேன். 20 லிட்டர் கேன் மூன்றை விளிம்புவரை நிரப்பி, உள்ளே தண்ணீர் குலுங்க இடமில்லாமல் மூடி, படகின் இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கத்துக்கு 1.4 மீட்டர் நகர்த்தினோம். ஒரு மீட்டர் நீளத் தூக்குக்குண்டு ஒரு வாளித் தண்ணீருக்குள் தொங்கியது. அதன் நூல் அளவுகோலில் 82 மில்லிமீட்டர் நகர்ந்தது. 60 கிலோவை 1.4-ஆல் பெருக்கி, படகின் எடையாலும் 0.082-ஆலும் வகுத்தால் 0.35 மீட்டர். இரண்டு வழியும் ஒரே இடத்துக்கு வந்தன.

24 மீட்டரும் அதற்கு மேலும் உள்ள மீன்பிடிக் கப்பல்களுக்காக 1977-இல் எழுதப்பட்ட டொரெமோலினோஸ் ஒப்பந்தத்தில், ஒற்றைத் தளக் கப்பலுக்கு ஜி.எம். 0.35 மீட்டருக்குக் குறையக்கூடாது என்று உள்ளது. நம் படகு அதைத் தொட்டுவிட்டதே என்று யாருக்கும் தோன்றலாம். அந்த ஒப்பந்தம் அந்த ஓர் எண்ணோடு நிற்கவில்லை. படகு நன்றாகச் சாய்ந்த பிறகும் நிமிர்க்கும் சக்தி எவ்வளவு மிச்சம் இருக்க வேண்டும், தண்ணீர் உள்ளே புகும் வழிகள் எப்படி அடைபட வேண்டும் என்பதையெல்லாம் சேர்த்தே கேட்கிறது. அதோடு, நாங்கள் அளந்தது உலர்ந்த தளத்தோடு. விபத்து நடந்தது நனைந்த தளத்தில்.

தளத்துத் தண்ணீர்

இந்தப் படகின் தளம் 4 மீட்டர் நீளமும் 1.6 மீட்டர் அகலமுமான ஒரு தொட்டி. சுற்றிலும் சுவர். தண்ணீர் வடிய 4 சென்டிமீட்டர் குழாய் இரண்டு. சுமை ஏற்றினால் அவற்றின் வழியாகக் கடல்நீர் உள்ளே வருகிறது என்று இரண்டையும் துணி வைத்து அடைத்திருந்தார்கள். அந்தத் துணியை நான் கையால் உருவி எடுத்தேன். மீன்செதிலும் வலைநாரும் ஒட்டி, கல்லாக இறுகியிருந்தது. மாதக்கணக்கில் அது எடுக்கப்படவே இல்லை.

அந்தத் தொட்டியில் 5 சென்டிமீட்டர் தண்ணீர் நின்றால் 320 லிட்டர். கணுக்காலுக்குக்கூட வராத ஆழம், யாரும் பொருட்படுத்த மாட்டார்கள். ஆனால் படகு துளி சாய்ந்ததும் அது முழுவதும் சாய்ந்த பக்கம் ஓடும். இந்த ஓட்டத்தால் ஜி.எம். எவ்வளவு குறையும் என்பது தண்ணீரின் எடையைவிட அதன் மேற்பரப்பின் அகலத்தைப் பொறுத்தது. அதுவும் அகலத்தின் கன மதிப்பில், அதாவது அகலம் × அகலம் × அகலம். நீளத்தை அகலத்தின் கன மதிப்பால் பெருக்கி 12-ஆல் வகுத்து, படகு விலக்கும் நீரின் கன மீட்டரால் மீண்டும் வகுக்க வேண்டும். இங்கே அது 0.43 மீட்டர் வருகிறது.

கையில் இருந்தது 0.34. பறிபோவது 0.43.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. 5 சென்டிமீட்டர் ஆழம் என்றால் சுமார் மூன்றரை டிகிரி சாய்விலேயே மேட்டுப்பக்கத் தரை வெளியே தெரிந்துவிடும். அதற்கு மேல் தண்ணீருக்கு ஓட இடமில்லை, மூலையில் குவிந்து நிற்கும். அதனால்தான் படகு ஒரேயடியாகக் கவிழாமல், ஒரு சாய்வில் போய்ப் படுத்துக் கொண்டது. கயிறு அறுந்ததும் மறுபக்கம் போய் அதே மாதிரி படுத்தது. உரிமையாளர் சொன்னது வரிக்கு வரி கணக்கோடு பொருந்தியது.

அன்றைக்குக் கப்பியில் தொங்கியது 150 கிலோ என்று கணித்தார்கள். தொங்கும் சுமை எங்கே தொங்கினாலும் அதன் எடை கப்பியின் உயரத்தில் இருப்பதாகவே படகு உணரும். அதாவது 2.4 மீட்டர் உயரத்தில். அதனால் இன்னொரு 7 சென்டிமீட்டர் போயிருக்கும். அதோடு இரண்டு பேர் வலப்பக்கச் சட்டத்தில். அலையை நான் இந்தக் கணக்கில் சேர்க்கவே இல்லை.

தண்ணீர் டிரம்மை முதலில் நானும் சந்தேகப்பட்டேன், பாதி நிரம்பிக் குலுங்கிக்கொண்டே இருந்ததால். நிமிர்ந்து நிற்கும் டிரம்மின் வாய் அகலம் ஓர் அரை மீட்டருக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். அதன் குலுக்கலால் போகும் ஜி.எம். இரண்டு மில்லிமீட்டர்கூட இல்லை. சத்தம் போடுவது எல்லாம் ஆபத்து இல்லை, தளத்தில் சத்தமில்லாமல் பரவி நிற்பதுதான் ஆபத்து.

அடிப்பாரம் வேண்டாம் என்று ஏன் சொன்னேன்

"அடியில நாலு மூட்டை மணல் போட்டுடலாமா?" என்பதுதான் உரிமையாளரின் முதல் கேள்வி. ஏறக்குறைய எல்லோருடைய முதல் கேள்வியும் இதுதான். மணல் மூட்டை நகரும், நனைந்து கனக்கும், அடியில் வரும் கசிவை மறைக்கும். நகராதபடி இரும்பாகவே பொருத்தினாலும் கணக்கு ஒத்து வரவில்லை. 250 கிலோவை அடிக்கட்டையை ஒட்டி வைத்தால், மேலே இருப்பதையெல்லாம் இறக்கிய பிறகு கிடைக்கும் கூடுதல் 5 சென்டிமீட்டருக்கும் குறைவு. இந்தப் படகு ஒரு சென்டிமீட்டர் அமிழ 117 கிலோ போதும். ஆகவே பக்கச்சுவர் 2 சென்டிமீட்டர் இறங்கும், தளம் நீர்மட்டத்தை இன்னும் நெருங்கும், வடிகுழாய்களில் கடல் இன்னும் எளிதாக ஏறும். கூரையில் இருக்கும் 180 கிலோ வலையைத் தளத்துக்கு இறக்கினால் மட்டும் 8 சென்டிமீட்டர் கிடைக்கிறது. ஒரு கிலோ கூட்டவும் வேண்டாம்.

அடிவயிற்றில் இருபுறமும் துடுப்புப்பட்டை வைக்கலாமே என்று படகில் போகிற ஒருவர் கேட்டார். அது ஆட்டத்தை மட்டுப்படுத்தும், உடம்புக்கு நல்லது. நிமிர்க்கும் சக்தியை அது கூட்டாது. ஆட்டம் குறைவதையும் நிலைப்பு கூடுவதையும் ஒன்றாக நினைத்ததில்தான் இந்தப் படகின் கதையே தொடங்கியது.

செய்த வேலை

முதலில் இறக்கம். மாற்று வலை கூரையிலிருந்து தளத்தின் முன்பகுதிக்கு வந்தது. டிரம் போய், அதற்குப் பதில் 20 லிட்டர் கேன் பத்து, தளத்துக்கு அடியில் இருபுறமும் சமமாக. பேட்டரிகளும் கீழே, நீர்புகாத பெட்டியில். இரும்பு, பிளைவுட் கூரையைக் கழற்றி மெல்லிய குழாயும் தார்ப்பாயும் போட்டதில் 85 கிலோ குறைந்தது. கூரையைக் கழற்றும்போது உரிமையாளர் கொஞ்சம் முரண்டு பிடித்தார், ஆசையாகப் போட்டது. புதிய கூரையில் கையை வைத்து அழுத்திப் பார்த்துவிட்டு, "இதுல ஒண்ணும் வைக்க முடியாதே" என்றார். அதற்காகத்தான் அப்படிப் போட்டது.

கணக்கில் இவை எல்லாம் சேர்ந்து 0.21 மீட்டர். மறுபடி ஆட்டிப் பார்த்தோம். பத்து ஆட்டம் 22.8 வினாடி, ஜி.எம். 0.54. கணக்கும் கடிகாரமும் சேர்ந்தே வந்தன. ஆனால் ஓர் ஆட்டம் இன்னும் 2.1 வினாடிக்கு மேல்தான்.

அடுத்து தளம். அடைந்த குழாய்களை மூடிவிட்டு, பக்கத்துக்கு இரண்டாக, 25-க்கு 8 சென்டிமீட்டர் அளவில் தண்ணீர் வடியும் வாய் நாலு வெட்டி, வெளிப்பக்கம் மட்டும் திறக்கும் ரப்பர் மடிப்பு வைத்தோம். தளம் நீர்மட்டத்திலிருந்து 15 சென்டிமீட்டர் மேலே இருப்பதால் தண்ணீர் தானாக வெளியேறும். நீளவாக்கில் கழற்றி மாட்டும் பலகை இரண்டு வைத்துத் தளத்தை மூன்று பாத்தியாக்கினோம். மூன்றாகப் பிரித்தால் தண்ணீர் ஓட்டத்தின் பாதிப்பு ஒன்பதில் ஒரு பங்காகிறது. 0.43 என்பது 0.05 ஆனது. இந்த வேலை முழுவதிலும் எனக்கு மிகவும் பிடித்தது இந்த இரண்டு பலகைதான். மீனையும் அதே பலகை ஓடவிடாது. கொட்டிய மீனும் சரியும் தண்ணீரைப் போலத்தான் நடந்துகொள்ளும்.

எஞ்சின் அறை மூடிக்கு விளிம்பு உயர்த்தி ரப்பர் போட்டோம். இரண்டு டீசல் டேங்கையும் இணைத்த குழாயில் வால்வு வைத்தோம். அது எப்போதும் திறந்தே கிடந்ததால், படகு சாயும்போதெல்லாம் டீசலும் சாய்ந்த பக்கமே போய்க்கொண்டிருந்தது. தூக்கும் கையை எடுத்துவிட்டு, வலை இனிப் பக்கச்சட்டத்து உருளை மேலேயே வரும்படி செய்தோம்.

கடைசியாக அகலம். நிலைப்பைத் தருவதில் அகலத்துக்கு இணை எதுவும் கிடையாது, அதன் பலன் கன மதிப்பில் கூடுவதால். படகின் நடுவில் 5 மீட்டர் நீளத்துக்கு, நீர்க்கோட்டுக்கு 15 சென்டிமீட்டர் கீழே தொடங்கி மேல்விளிம்பின் அடிவரை, இருபுறமும் 6 சென்டிமீட்டர் தடிப்பில் ஃபோம் நிரப்பிய ஃபைபர் பக்கமிதவை ஒட்டினோம். பழைய பூச்சைச் சுரண்டி, நாரின் மேலேயே புது ஃபைபரைப் பிடிக்க வைத்தது, ஆணி ஒன்றுகூட இல்லை. எடை 70 கிலோ கூடியது, அது விலக்கும் நீரே அந்த எடையைத் தாங்கிவிடுகிறது. இந்த ஆறு சென்டிமீட்டரில் கிடைக்கும் கூடுதல் கணக்குப்படி 0.20 மீட்டர். பன்னிரண்டு சென்டிமீட்டர் வைத்திருந்தால் 0.40-க்கு மேல் போயிருக்கும். அவ்வளவு வேண்டாம் என்று நிறுத்தினேன். மிதமிஞ்சிய விறைப்பில் ஆட்கள் தடுமாறி விழுவார்கள், சட்டங்களும் இணைப்புகளும் சீக்கிரம் தளரும்.

முடிவில் பத்து ஆட்டம் 20 வினாடி. தூக்குக்குண்டு அதே மூன்று கேனுக்கு 41 மில்லிமீட்டர்தான் நகர்ந்தது. இரண்டு வழியிலும் ஜி.எம். 0.71. கணக்கில் 0.74 எதிர்பார்த்தேன். மிதவையின் இரு முனைகளையும் மெலிய விட்டதில் கொஞ்சம் குறைந்திருக்க வேண்டும். பிறகு தளத்தில் வேண்டுமென்றே 320 லிட்டர் தண்ணீரை ஊற்றி, அந்த வடிகால் வாய்களைக் கையால் பொத்திக்கொண்டு, மூன்று பேர் ஒரே பக்கம் நின்றோம். சாய்ந்தது, நின்றது. நாங்கள் நடுவுக்கு வந்ததும் படகும் நடுவுக்கு வந்து நின்றது.

கடலுக்குப் போய் வந்த முதல் நாள், படகில் இருந்த இளையவர் என்னிடம் வந்தார். "அண்ணே, மறுபடி வெடுக்கு வெடுக்குன்னு ஆடுது. முன்னாடி இருந்த சுகம் இல்லை." உரிமையாளர் நான் பேசும்முன் அவனுக்குப் பதில் சொல்லிவிட்டார்: "அந்தச் சுகத்துலதான்டா அன்னிக்குப் படுத்துக்கிச்சு."

பக்கச்சுவரில் சுமைக்கோடு ஒன்று தீட்டினோம். அதற்கு மேல் தண்ணீர் ஏறும் அளவுக்குச் சுமை ஏற்றக்கூடாது. ஸ்டியரிங்குக்கு எதிரே, கண்ணில் படும் இடத்தில், "10 ஆட்டம், 20 வினாடி" என்று பெயின்டில் எழுதினோம். மாதம் ஒரு முறை, துறையில் கட்டியிருக்கும்போது, ஆட்டி எண்ணிப் பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

நாலு மாதம் கழித்து உரிமையாளர் போன் செய்தார். எண்ணிப் பார்த்ததில் 21 வினாடி தாண்டி, ஏறக்குறைய 21 அரை வருகிறது என்றார். மேலே புதிதாக எதையும் ஏற்றவில்லை என்று சத்தியம் செய்தார். எஞ்சின் அறை மூடியைத் திறந்து அடியில் கைவிட்டுப் பாருங்கள் என்றேன். எஞ்சினின் சுழல்தண்டான ஷாஃப்ட் வெளியேறும் இடத்தில், தண்ணீரை அடைக்கும் பேக்கிங் தேய்ந்து கசிந்திருந்தது. எஞ்சின் அறையின் அடி முழுக்க, 2 மீட்டருக்கு 1.2 மீட்டர், தண்ணீர் பரவி நின்றது. பேக்கிங்கை மாற்றி, இறைத்து, துடைத்துவிட்டு அன்று மாலையே மறுபடி எண்ணினார்கள். 20 வினாடி.